விசாலம் வீட்டில் இரண்டு நாள்

செட்டிநாடு என்றதும் நம்மில் பலருக்கு மிளகும் சோம்பும் கல்பாசியும் மணக்கும் குழம்புதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் அரண்மனை மாதிரி வீடுகள் இருக்கின்றன, சினிமாக்காரர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அப்படிப்பட்ட வீடு ஒன்றில் படுத்து எழுந்து, குளித்துச் சாப்பிட்டு, இரண்டு நாள் இருப்பேன் என்று நினைத்ததே இல்லை. சென்ற தை மாதம் அந்த வாய்ப்பு வந்தது.

அழைத்துப் போனவள் என் அக்கா மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். "அம்மாவுக்கு அறுபது ஆகப் போவுது சித்தி. நெல்லிக்குப்பம், கடலூர், மிஞ்சிப் போனா சிதம்பரம். இத விட்டா வேற ஊரு பார்த்ததில்ல. நீங்க வந்தாதான் அம்மா கெளம்பும்" என்றாள். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இரண்டு நாள் ஹோட்டல் சாப்பாட்டுக்குச் சம்மதித்தார்கள். காலை ஆறு மணிக்குக் காரில் புறப்பட்டோம். பண்ருட்டி, விருத்தாசலம், திருச்சி, புதுக்கோட்டை. திருமயம் கோட்டை பாறை மேல் தெரிந்ததும் "வந்தாச்சு" என்றார் டிரைவர். கானாடுகாத்தானுக்குள் நுழையும்போது மதியச் சாப்பாட்டு வேளை.

சகோதரிகளே, அந்தத் தெருக்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஜனங்கள் எங்கே என்பதுதான்! கோடு போட்ட மாதிரி நேரான, அகலமான தெருக்கள். இரண்டு பக்கமும் மதில்கள், மாடங்கள், முகப்பில் கஜலட்சுமி பொம்மைகள். ஒரு வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்தால் அடுத்த தெருவில்தான் முடிகிறது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற பெண்பிள்ளை ஒருத்தி இல்லை. விளையாடும் குழந்தைகள் இல்லை. ஒரு ஆடு மட்டும் ஒரு பெரிய வீட்டுப் படியில் படுத்து அசை போட்டுக் கொண்டிருந்தது.

இந்த ஊர் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. நம் சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்திய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் சொந்த ஊர் இதுதான். அவருடைய அரண்மனை ஊர் நடுவே இன்றும் கம்பீரமாக நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்! "இங்கருந்துதான் அங்க வந்தாரா?" என்று அக்கா மதிலைத் தொட்டுப் பார்த்தாள்.

நாங்கள் தங்கிய வீட்டின் பெயர் 'விசாலம்'. விசாலமாக இருப்பதால் அந்தப் பெயர் என்றுதான் நான் நினைத்தேன். பெயர் ஒரு பெண்ணுடையது. கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் என்பவர் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு இது. செட்டிநாட்டில் வீடு என்பது மகன்களுக்குப் போவது. மகளுக்கு வைரமும் வெள்ளியும் சீர் சாமான்களும் வண்டி வண்டியாகப் போகும், வீடு போகாது. அப்படிப்பட்ட ஊரில் தகப்பனார் ஒருவர் மகளுக்கென்று மாளிகை கட்டினார் என்பதை இன்றும் அதிசயமாகத்தான் சொல்கிறார்கள். சுற்றியுள்ள பழைய வீடுகளைவிட இது வயதில் இளையது. தூண்களும் வளைவுகளும் அதிகமில்லாமல், பம்பாயில் அந்தக் காலத்தில் கட்டினார்களே, ஆர்ட் டெகோ என்று, அந்தப் பாணியில் இருக்கிறது. இப்போது சி.ஜி.எச். எர்த் என்ற நிறுவனம் பதினைந்து அறைகள் கொண்ட விடுதியாக நடத்துகிறது.

வாடகை எவ்வளவு என்று அக்கா மகள் கடைசி வரை சொல்லவில்லை. நானாக ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் மெதுவாக விசாரித்தேன். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைக் கணக்கைத் தாண்டியது ஒரு ராத்திரிக்கு! அக்காவிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். சொன்னால் சாப்பாடு இறங்காது.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. மேலே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், செருப்பில்லாமல் நடந்தால் மத்தியான வெயிலிலும் ஜில்லென்று இருக்கிறது. கட்டில் உயரமென்று அக்கா ஏறத் தயங்கினாள். ஏ.சி. இருந்தது, அவள் அணைத்துவிட்டாள். ஜன்னல் கதவைத் திறந்ததும் காற்று வந்தது. பிறகு பாத்ரூமுக்குள் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினால், "சும்மாதான்டி உக்காந்திருக்கேன். ரொம்ப நல்லாருக்கு" என்கிறாள். ஆறு பேர் வரிசையில் நின்ற வீட்டில் வளர்ந்தவளுக்கு அதுவே பெரிய சுகம்.

மதியம் வாழை இலை. நாங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் வந்து பரிமாறுகிறார். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் மண்டி வைக்கட்டுமா ஆச்சி?" என்று அக்காவைக் கேட்டார்கள். அந்தப் பக்கம் பெரிய பெண்மணிகளை ஆச்சி என்றுதான் அழைப்பார்கள். மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காயோ பச்சை மிளகாயோ போட்டுப் புளி சேர்த்துச் செய்வது. நாம் கொட்டும் கழுநீரில் அத்தனை ருசி! கோழி வறுவல் வந்தது, நாக்கைச் சுடும் என்று பயந்தேன். அவ்வளவு காரம் இல்லை. ஹோட்டல்களில் 'செட்டிநாடு' என்று போர்டு போட்டு மிளகாய்ப் பொடியைக் கொட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சமையலறைக்குள் போய்ப் பார்க்கவும் அனுமதிக்கிறார்கள். நான் விட்டுவிடுவேனா? கவுனி அரிசி இனிப்பு கேட்டுக் குறித்துக்கொண்டேன். கவுனி என்பது கறுப்பு அரிசி, பர்மாவிலிருந்து செட்டிமார் வீடுகளுக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஒரு கப் அரிசியைக் கழுவி, மூன்று கப் தண்ணீரில் ராத்திரியே ஊறவைத்துவிட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது, சாயமும் சத்தும் அதில்தான். அதே தண்ணீரோடு குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, நன்றாக மசித்து, முக்கால் கப் சர்க்கரை, ஒரு மூடி தேங்காய்த் துருவல், இரண்டு ஸ்பூன் நெய், ஏலப்பொடி சேர்த்துக் கிளறினால் போதும். கறுப்பரிசியில் நார்ச்சத்து உண்டுதான். அதற்காகச் சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டாம் கிண்ணம் கேட்கக் கூடாது, இனிப்பு இனிப்புதான்.

அன்று இரவு பின்னால் நீச்சல் குளத்து ஓரம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று, "பொண்ணு பேர்ல வீடு. அதுவும் அந்தக் காலத்துல" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினாள். உள்ளே பத்திரக் காகிதம்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் பீரோவில் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. எங்கள் அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து, சேர்த்த பணத்தில் கட்டிய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், பின்னால் கிணறு. கரும்பு அரைக்கும் காலத்தில் ஊர் முழுக்கப் பாகு வாசனை முற்றத்தில் வந்து இறங்கும். அக்கா முப்பத்தைந்து வயதில் புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்கு வந்தவள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைசி வரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அவள்தான். அம்மா 2016இல் போனாள், அப்பா 2020இல். உயில் எதுவும் எழுதவில்லை. இப்போது தம்பி, அந்த இடத்தில் மாடி வீடு கட்ட பாங்க்கில் கடன் கேட்க வேண்டும், அதற்கு நாங்கள் இரண்டு பேரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான். "அக்காவ நான் தெருவுலயா வுடப் போறேன்?" என்று கேட்கிறான். விட மாட்டான், நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் பெண்டாட்டிக்கும் நாளை வரப்போகும் மருமகளுக்கும் அந்த வாக்கு கட்டுப்படுமா?

"ஊருக்குப் போனதும் போட்டுக் குடுத்துடலாம்னு எடுத்தாந்தேன். வழியில உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு" என்றாள் அக்கா. நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒரு பங்குக்காரி, என் வாயில் வரும் வார்த்தை எனக்காகப் பேசுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது அல்லவா?

மறுநாள் காலை ஊருக்குள் பழைய வீடொன்றைப் பார்க்கப் போனோம். சில வீடுகளில் காவல்காரரிடம் சிறு தொகை கொடுத்தால் திறந்து காட்டுவார்கள். நாங்கள் தங்கிய வீடு மகளுக்கு என்றால், இது எட்டு மகன்களுக்கு என்று கட்டியது. வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை நேராகக் கண் போகிறது. முதலில் முகப்பும் திண்ணையும். அங்கே ஆண்கள் கணக்கு வழக்குப் பார்ப்பார்கள். பிறகு வளவு. நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றி ஒரே அளவில் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. ஒரு தம்பதியை 'ஒரு புள்ளி' என்று கோயில் கணக்கில் எழுதுவார்களாம். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு. பெண்களின் ராஜ்யம் அங்கே.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரே வீட்டில் இருந்தாலும் கல்யாணமானதும் மகனைத் 'தனி வைத்து' விடுவார்கள். மருமகளுக்குத் தனி அடுப்பு, வருஷச் சாமானில் தனிப் பங்கு. கூட்டுக் குடும்பத்துக்குக் கூட்டு, தனிக் குடித்தனத்துக்குத் தனி! மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து யார் கண்டுபிடித்திருக்கிறார்கள்? ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று மூன்று வருஷக் கணக்கில் கடல் தாண்டிப் போய்விடுவார்கள். அத்தனை பெரிய வீட்டையும், விசேஷங்களையும், வேலையாட்களையும் ஆச்சிமார்தான் கட்டிக் காத்தார்கள். அது மட்டுமல்ல, கல்யாணத்தில் பெண்ணுக்கு வரும் சீதனப் பணம் கடையில் அவள் பெயரில் வட்டிக்குப் போய் இருக்கும். 'ஆச்சிமார் பணம்' என்றே அதற்குப் பெயர். ரங்கூனில் நடந்த லேவாதேவியில் வீட்டில் இருந்த ஆச்சியின் காசும் ஓடிற்று. பணம் அவள் பெயரில் இருந்தது, பாத்திரம் அவள் பெயரில் இருந்தது. வளவில் இருந்த அறை மட்டும் புருஷன் பெயரில்.

கட்டிடத்தைப் பற்றி என்ன சொல்ல! தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்பு இங்கிலாந்திலிருந்து. சுவரில் கை வைத்தால் முட்டை ஓட்டைத் தொடுகிற மாதிரி வழவழப்பு. சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த பூச்சு அது. முற்றத்து ஓரச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பூப்போட்ட பளபளப்பான ஓடுகள் பதித்திருந்தன. அவை ஜப்பானில் செய்தவை என்றார் காவல்காரர்.

அக்கா மகள் வேலை விஷயமாக ஆறு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவள். "கியோட்டோவுல இதே கதைதான் சித்தி" என்றாள். அங்கே மச்சியா என்று தெருவுக்கு ஒடுங்கி உள்ளே நீண்டு போகும் மர வீடுகளாம். முன்னால் கடை, பின்னால் குடித்தனம், நடுவில் சின்னத் தோட்டம். நம் முற்றம் மாதிரி வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். பாய் விரித்த தரை, மடித்து வைக்கும் படுக்கை, வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது எல்லாம் நம்மைப் போலவே. பிள்ளைகள் அடுக்குமாடிக்குப் போய்விட, அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியதில் பலவற்றை விலை உயர்ந்த விடுதியாக்கி விட்டார்கள். இவளும் ஒரு ராத்திரி அப்படி ஒன்றில் தங்கியிருக்கிறாள். "அதுல படுத்தப்பதான் அம்மாவ இங்க கூட்டிட்டு வரணும்னு தோணிச்சு" என்றாள்.

அந்த ஜப்பானுக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930களின் கடைசியில் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் வந்திருந்தது, பெரும்பாலும் கடன் திரும்பாததால். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பலர் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு அந்த நிலமும் போயிற்று. ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும் மட்டும் இங்கே நின்றன. (அங்கே நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் வீட்டுப் பெண் என்ன நினைத்திருப்பாளோ, அதையும் நினைத்துப் பார்த்தேன்.)

வளவைச் சுற்றி ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு பூட்டு. சாவி ஒன்று சென்னையில், ஒன்று கோலாலம்பூரில், இன்னொன்று எங்கே என்றே தெரியாதாம். எட்டுப் புள்ளி இப்போது பேரன் பேத்தி என்று அறுபதுக்கு மேல் பங்காகிவிட்டது. ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காத வீட்டில் ஒரு மழைக்காலம் ஒழுகும், அடுத்த மழைக்காலம் உத்திரம் உளுக்கும், அப்புறம் தேக்கு வியாபாரி வந்து விலை பேசுவான். வருஷத்துக்கு ஒரு தரம் படைப்புக்கும், எப்போதாவது கல்யாணத்துக்கும் பூட்டுகள் திறக்கும். இப்படி இடிபட்டுப் போன வீடுகள் நிறைய. செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க வேண்டும் என்று 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். விடுதியாக மாறிய வீடுகள் ஓரளவு தப்பித்தன. விசாலம் ஒன்று, காரைக்குடியில் 'தி பங்களா' ஒன்று, கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் இருவர் செப்பனிட்ட 'சாரதா விலாஸ்' ஒன்று. நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் வாடகையில் அவற்றின் ஓடு ஒழுகாமல் நிற்கிறது. வாடகையை நினைத்து எனக்கிருந்த வயிற்றெரிச்சல் அங்கே பாதி குறைந்தது. முழுக்கக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்!

பிறகு ஆத்தங்குடிக்குப் போனோம். தரைக்கல் செய்வதைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஒரு சதுரக் கண்ணாடியின் மேல் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. அதன் மேல் காய்ந்த சிமெண்டும் அந்த ஊர் மணலும் தூவி, கெட்டிக் கலவை வைத்து அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப் போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு. வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆசிட், எலுமிச்சை, புளி எதுவும் படக் கூடாது, வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். துடைக்கத் துடைக்க மெருகு ஏறும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவு, தூண், கடிகாரம், எனாமல் தூக்கு, பித்தளை அண்டா எல்லாம் அங்கே வந்து சேருகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். அக்கா ஒரு சின்னப் பித்தளைக் குடத்தை எடுத்துத் திருப்பினாள். கழுத்தில் இனிஷியல் வெட்டியிருந்தது. எந்த வீட்டுப் பெண்ணுக்கோ தகப்பனார் பேர் வெட்டிக் கொடுத்த சீர். விலை கூடக் கேட்காமல் மெதுவாக அதே இடத்தில் வைத்துவிட்டாள். எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. பக்கத்தில் பனை ஓலைக் கொட்டான் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினோம். வர்ணம் போட்டுப் பெண்கள் முடையும் இந்தக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

திரும்பி வந்து காப்பி குடிக்கும்போது அக்கா மகள் அந்தக் காகிதத்தைப் படித்தாள். அவளுடைய சிநேகிதி ஒரு வக்கீல், அவளுக்கும் போன் போட்டாள். விவரத்தை இங்கே எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது பயன்படும். அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமானால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் உயிரோடிருக்கும் மனைவிக்கும் சம பங்கு. குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் பாகம் பிரித்துக் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. 2005இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பரம்பரைச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டுப் பெண்களுக்கு 1989இல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை, 2005 சட்டம் அந்த வித்தியாசத்தையும் நீக்கிற்று. ஆனால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் ஆகிவிட்டால், பிறகு திருப்புவது லேசில்லை.

"அப்ப எனக்குப் பங்கு இருக்குதா? நான் கேக்காமலே இருக்குதா?" என்று அக்கா இரண்டு தரம் கேட்டாள். இருபத்தைந்து வருஷமாகத் தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே இருந்தவள் அவள்.

இப்போது நான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்த வீட்டில் பணம் வேண்டாம், அவன் மாடி கட்டட்டும், கூட நிற்கிறேன். ஆனால் கீழே கிணற்றுப் பக்கத்து அறையும் அடுப்படியும் உன் பெயரில் எழுதின பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்று ராத்திரி அந்த உயரமான கட்டிலில் ஏறிப் படுத்து, விடிய விடியத் தூங்கினாள்.

ஊருக்கு வந்து அவளே தம்பியிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். "ஊரு சுத்திட்டு வந்து புதுசா பேசுறீங்க" என்று எழுந்து போய்விட்டான். பத்து நாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. பதினோராம் நாள் சர்வேயரோடு வந்து, கிணற்றடியிலிருந்து டேப் பிடித்து அளந்தான். கணக்கு இன்னும் முடியவில்லை. பாங்க்கில் என்ன சொல்வார்களோ, பார்க்க வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் விருத்தாசலத்தில் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் ராத்திரி காரைக்குடியில் இறங்கலாம். மார்கழி, தை, மாசி நல்ல காலம், சித்திரை வெயில் தாங்காது. தங்க வசதிப்படாவிட்டால் காரைக்குடியில் சாதாரண விடுதிகள் உண்டு, பகலில் வீடுகளைப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கம்தான். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனம்: பழைய வீடுகளில் நிலைப்படி முழங்கால் உயரம், முற்றம் பள்ளம், மாடிப்படி செங்குத்து, பின்னால் கிணறு. தவழும் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கக் கூடாது. விடுதியில் நீச்சல் குளம் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால், ரூம் எடுக்கும்போதே கீழ்த்தளத்தில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கட்டிலுக்கு ஒரு சின்னப் படி கேட்டால், அதையும் கொண்டு வந்து போடுகிறார்கள்.